இடதுகைக் கோடு

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நான் மூடி முத்திரை வைத்த போர்டை நீ திறந்தாய். அதிலிருந்த கடுகளவு ரெசிஸ்டர் ஒன்றைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை வைத்தாய். திரும்ப மூடினாய். மூடியபின் ஆறு திருகுகளின் மேலும் சிவப்பு வார்னிஷால் கோடு போட்டாய். அந்தக் கோட்டை இடதுகையால் போட்டாய், பார்க்கிறவர்கள் நான் போட்டது என்று நினைக்க வேண்டும் என்பதற்காக.

நடந்த அநியாயம் இவ்வளவுதான். மீதியெல்லாம் விளக்கம். விளக்கத்தையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் ‘அக்கா ஏதோ கோபத்தில் எழுதியிருக்கிறாள்’ என்று மடித்து மேஜை டிராயரில் போட்டுவிடுவாய்.

பவர் போர்டை யார் கட்டினார்களோ அவர்தான் மூட வேண்டும் என்பது நம் செயற்கைக்கோள் பட்டறையின் வழக்கம். மூடியபின் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் பக்கத்துத் தகட்டுக்கு ஒரு சிவப்புக் கோடு. திருகு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். திறந்தே ஆக வேண்டுமென்றால் கோடு போட்டவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இது எந்தத் தாளிலும் எழுதப்பட்ட சட்டம் இல்லை. ஆனால் பட்டறையில் யாரும் மீறியதில்லை, தலைவனான உன்னைத் தவிர.

மேலே போன மூத்த செயற்கைக்கோள் ஏன் தடுமாறுகிறது என்ற விசாரணையின்போது, அதை அனுப்புவதற்கு முன் எடுத்த படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டார்கள். விசாரணைத் தலைவர், “மூடி முத்திரை வெச்சது நீங்கதானேம்மா?” என்று கேட்டார். “ஆமா” என்றேன். அப்போது நான் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகம் மட்டும் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படத்தை அப்புறம் கேட்டு வாங்கினேன். வானொலி அறையில் உட்கார்ந்து காது கொடுக்கிற நம் ஹெட்போன் பெண்தான் அனுப்பினாள். என் கோடு வலமிருந்து இடமாகப் போகும். முடிகிற இடத்தில் மெலியும். படத்தில் இருக்கிற கோடும் அப்படியேதான் போகிறது. ஆனால் நடுவில் நடுங்கியிருக்கிறது. எனக்கு அறுபத்து மூன்று வயது, கை இன்னும் நடுங்க ஆரம்பிக்கவில்லை. பள்ளிக்கூட நாளில் என் இடதுகை எழுத்தைக் காப்பியடித்து லீவு லெட்டர் எழுதிக்கொண்டு போனவன் நீ. அன்றைக்கும் இப்படித்தான் நடுங்கியிருந்தது.

மாற்றியது எந்த ரெசிஸ்டர் என்பதும் தெரியும். பேட்டரி 6.4 வோல்ட்டுக்கு இறங்கினால் எல்லாவற்றையும் அணைத்துவிடு, 7.4-க்கு ஏறினால்தான் திரும்ப எழுப்பு என்று நான் வைத்திருந்தேன். மேலே போன மூத்தது 6.8-க்கே எழுந்துவிடுகிறதாம். எழுந்து, ரேடியோவைப் போட்டு, ஒரு வார்த்தை பேசுவதற்குள் விழுந்துவிடுகிறது. மறுபடி எழுகிறது. மறுபடி விழுகிறது. ஹெட்போன் பெண் சொன்னாள், “விக்கல் எடுக்கிற மாதிரி இருக்குக்கா” என்று.

உன் அத்தானை நான் கண் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் இதைச் செய்திருக்கிறாய். அவர் கண்ணைக் கட்டியிருந்தார்கள். நீ என் கண்ணைக் கட்டினாய்.

அறிக்கையில் ‘பவர் பகுதியில் கைவேலைக் குறை’ என்று எழுதிவிட்டார்கள். சாவியை மேஜையில் வைத்துவிட்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் நீ எழுந்து நின்று, திறந்தது யார், கோடு போட்டது யார் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

போன் செய்யாதே. போனில் நீ ‘அக்கா’ என்று ஆரம்பித்தாலே பாதி வழக்கு தோற்றுவிடும். எழுது.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். டிராயரில் போடவில்லை.

ஆமாம், திறந்தேன். மாற்றினேன். மறைக்கப் போவதில்லை, உன்னிடம்.

ஆனால் ஏன் என்பதையும் நீ கேட்க வேண்டும். கடைசி ஆய்வில், செயற்கைக்கோளைக் கட்டச் சொன்ன கேமராக்காரர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ‘மாப்பிள்ளை வீட்டார்’ என்று நீதான் அவர்களுக்குப் பெயர் வைத்தாய். அதே மிடுக்கோடுதான் கேட்டார்கள். “பேட்டரி இறங்கி அணைஞ்சுபோச்சுன்னா திரும்ப எழ எவ்வளவு நேரம்?” உன் கணக்குப்படி ஒரு நாள் கூட ஆகலாம் என்றேன். “ஒரு நாள் கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கிற கேமராவுக்கா நாங்க இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றார்கள். குறைக்காவிட்டால் இரண்டு செயற்கைக்கோளையும் வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவோம் என்பதைச் சொல்லாமல் சொன்னார்கள். ராக்கெட்டில் ஏற்றுமிடத்துக்குப் பெட்டி கிளம்ப வேண்டிய நேரம். நீ ஆஸ்பத்திரி வராந்தாவில். உன் போன் அணைந்திருந்தது.

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அவ்வளவு நேரம் எல்லாம் அணைந்து கிடந்தால் பேட்டரி உறைந்துபோகும். உறைந்த பேட்டரிக்குள் வெயில் கரண்ட்டைத் தள்ளினால் உள்ளுக்குள்ளேயே செத்துவிடும் என்று எனக்கு நீயே சொல்லியிருக்கிறாய். அடிக்கடி எழுந்தால் கம்ப்யூட்டரின் சூடாவது அதற்குக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

கேட்டிருக்கலாம் என்பாய். கேட்டிருந்தால் விட்டிருப்பாயா? நெஞ்சைத் தொட்டுச் சொல்.

கோடு விஷயம். கோடு இல்லாமல் அனுப்பினால் ஏற்றுமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். என் கோட்டைப் போட்டால் ஏன் ஆள் மாறியது என்று கேட்பார்கள். கை தானாகவே உன் பக்கத்துக்குப் போய்விட்டது. அதைப்பற்றி எழுத எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

இப்போது கூட்டத்தில் சொன்னால் இளைய செயற்கைக்கோள் நம் கையை விட்டுப் போய்விடும். பெட்டிக்குள் பாதி கட்டி முடித்துக் கிடக்கிறது. மெக்கானிக்கல் மேஜை, ரேடியோ மேஜை, எல்லோருடைய பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. மேலே போய்ச் சேரட்டும். அதன் பிறகு நானே சொல்கிறேன். கொஞ்சம் பொறு.

அத்தானுக்குக் கண் தெளிந்ததா? கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

ஒரு கண் தெளிந்துவிட்டது, இப்போது மற்றக் கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். “உன் தம்பி போட்ட கோட்டை நான் இந்த ஒத்தைக் கண்ணாலயே கண்டுபிடிச்சிருப்பேன்” என்றார். அவருக்கு உன்மேல் கோபமில்லை. அவருக்கு யார்மேலும் கோபம் வராது. அந்த வேலையை நாற்பது வருடமாக நான்தான் பார்க்கிறேன்.

நெஞ்சைத் தொட்டுச் சொல்லச் சொன்னாய். தொட்டுச் சொல்கிறேன்: விட்டிருக்க மாட்டேன். அதனால்தான் நீ கேட்டிருக்க வேண்டும்.

நீ படித்தவன். நான் மின்மாற்றிக்குக் கம்பி சுற்றுகிற கடையில் கூலிக்குப் போய், எரிந்த வாசனையில் பாடம் படித்தவள். ஆனாலும் இது படிப்பில்லாதவளுக்கும் தெரிகிற விஷயம். சுமை தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க நிற்கிறவனிடமிருந்து சுமையை இறக்கினால் அந்த நொடியே அவன் முகம் தெளியும். “இப்ப எப்படி இருக்கு?” என்றால் “நல்லாயிருக்கேன்” என்பான். அதை நம்பி அடுத்த மூட்டையைத் தலையில் ஏற்றினால் மடங்கி விழுவான். பேட்டரியும் அப்படித்தான். எல்லாவற்றையும் அணைத்த உடனே, வெயிலே படாமல், தானாகக் கொஞ்சம் ஏறும். அது பலம் இல்லை. பொய்யான ஏற்றம். 6.8 என்பது அந்தப் பொய் தொடுகிற உயரம். 7.4-ஐப் பொய்யால் தொட முடியாது. வெயிலில் உண்மையாகச் சாப்பிட்டால்தான் தொடலாம். நான் ஒரு முழு வோல்ட் இடைவெளி விட்டது அதற்காக.

குளிர் என்கிறாய். பேட்டரியைச் சுற்றி நான் ஏழு அடுக்குத் தகடு போர்த்தியது அலங்காரத்துக்கு இல்லை.

மகள் வீடு இருக்கிற இந்தக் குடியிருப்பில் லிஃப்ட் ஒன்று இருக்கிறது. கரண்ட் போனால் பேட்டரியில் பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும். போன வாரம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் உள்ளே மாட்டிக்கொண்டார். லிஃப்ட் ஒரு சாண் நகரும், நிற்கும். ஒரு சாண் நகரும், நிற்கும். உள்ளேயிருந்து “இப்ப வந்துடும், இப்ப வந்துடும்” என்று அவரே தனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் பேட்டரி மாற்ற வேண்டும் என்றார். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் எழுகிற வோல்ட்டைக் குறைத்து வைத்த, உன்னைப்போல் அவசரக்காரன் ஒருவன் இருந்திருக்கிறான். திருத்திக் கொடுத்தேன். திருத்துமுன் “இதை வெச்சவர் யாரு, அவரைக் கூப்பிடுங்க” என்று கேட்டு, அவர் வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் திருகைத் தொட்டேன். முணுமுணுத்தபடிதான் நின்றார். ஆனால் நின்றார்.

இன்னொன்று. நீ ரெசிஸ்டரையும் வார்னிஷையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறாய். ரெசிஸ்டரை மாற்றியது கருத்து வேறுபாடு. தலைவன் நீ, உன் பெயரில் மாற்றியிருந்தால் நான் கத்தியிருப்பேன், அப்புறம் என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். கோடு போட்டது பொய். என் கையைக் களவாடியிருக்கிறாய். ‘கை தானாகவே போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறாய். கை தானாகப் போகாது. தூரிகையை வலதுகையிலிருந்து இடதுகைக்கு மாற்றிப் பிடிக்க ஒரு கணம் வேண்டும். அந்த ஒரு கணம் நீ யோசித்திருக்கிறாய்.

இளையது மேலே போன பிறகு சொல்கிறேன் என்கிறாய். மூத்ததும் மேலே போன பிறகுதானே நான் கைவேலை தெரியாதவள் ஆனேன்?

பொறுக்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

தேதியைப் பார்த்துச் சிரிக்காதே. விளையாட்டுக்கு எழுதவில்லை.

பொய், களவு. எழுதும்போது உனக்குக் கை நடுங்காது, தெரியும். இப்போது நான் சொல்வதையும் கேட்டுக்கொள்.

நான் பட்டறைக்குத் தலைவனாகி எட்டு வருடம். இன்னும் எந்த மேஜையில் எதைச் சொன்னாலும் முதல் பதில், “அக்காகிட்ட கேட்டீங்களா?” என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘அக்கா தம்பி’ என்றுதான் பெயர். உன் மேஜையைத் தாண்டிப் போகிறவர்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் போனார்கள். நீ அதை மரியாதை என்று நினைத்தாய். நீ ஆஸ்பத்திரிக்குப் போன வாரத்தில்தான் பட்டறையில் ஆட்கள் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். அந்த வாரத்தில்தான் எனக்கும் ஒரு முடிவை எடுக்கலாம் என்று தோன்றியது. அது தப்பான முடிவாக இருக்கலாம். என் முடிவு.

கீல்காரரை நினைவிருக்கிறதா? சோலார் பலகைகளுக்குக் கீல் செய்தவர். உன் மேஜை முன்னால் வந்து நின்று, “அக்கா, பலகையைக் கட்டியிருக்கிற நூலை எரிக்கிறதுக்கு இந்தக் கரண்ட் பத்தாது, கொஞ்சம் கூட்டிக் குடுங்க” என்று கேட்டார். நீ தலையை நிமிர்த்தாமல் என்ன சொன்னாய்? “என் போர்டுல இருந்து அவ்வளவுதான் வரும். உங்க நூலை மெலிசாக்குங்க.” அவர் திரும்பக் கேட்கவில்லை. உன்னிடம் யார் இரண்டாவது தடவை கேட்பார்கள்?

மூத்தது விழுந்து எழுகிற அந்தச் சில விநாடிகளில் ஒவ்வொரு சொட்டாகத் தகவல் சேர்த்துக்கொண்டிருந்தோம். போன வாரம் கணக்குப் போட்டோம். நாலு பலகையில் ஒன்று திறக்கவே இல்லை. நூல் பாதி எரிந்து நின்றிருக்க வேண்டும் என்கிறார் கீல்காரர். முக்கால் வெயிலில்தான் அது தவிக்கிறது. அவர் உன்னைக் குறை சொல்லவில்லை. தன் நூலைத்தான் திட்டிக்கொண்டார். நான் அவரைத் தடுக்கவில்லை, உன் பெயரையும் எடுக்கவில்லை.

நீ என்னை எழுந்து நிற்கச் சொல்கிறாய். நான் எழுந்தால் நீயும் எழ வேண்டியிருக்கும், அக்கா. அதையும் யோசி.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

மிரட்டலுக்குப் பதில் இல்லை. வேலைக்கு மட்டும் பதில்.

ஜூன் மாதத்தில் மூத்ததின் பாதை சாய்ந்து, சில வாரம் பூமியின் நிழலில் விழாமல் வெயிலிலேயே சுற்றும். ஒரு பலகை மூடியிருந்தாலும் அப்போது வயிறு நிறையும். எழுந்து நிற்கும். நின்றதும் கேமராவைத் தொடாதே. ரேடியோவை அரைச் சத்தத்தில் வை. பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்று முதலில் பார். மாப்பிள்ளை வீட்டாரைக் காத்திருக்கச் சொல்.

இத்தனை தடவை விழுந்து எழுந்த பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நீயே பார்.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்கா,

எழுந்தது.

மாதத் தொடக்கத்தில் ஒரு காலையில் ஹெட்போன் பெண் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள். பட்டறை முழுக்கக் கேட்டது. விக்கல் இல்லை. சீராக, விடாமல். மெக்கானிக்கல் மேஜையில் அரம் ராவுகிற சத்தம் நின்றது. கீல்காரர் வந்து வாசலில் நின்றார். “இதைக் கேட்க அக்கா இல்லையே” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். நான் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னபடிதான் செய்தேன். முதல் வாரம் கேமராவைத் தொடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் மூன்று படம் எடுத்தோம். ஒரு கடற்கரை, மேகம், ஒரு ஆற்றின் வளைவு. சுத்தமான படம். எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

நிழல் திரும்பிய முதல் நாள் எல்லோரும் காத்திருந்தோம். நிழலுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே போய்விட்டது. வெயிலுக்கு வந்தும் பேட்டரி 6.8-ஐத் தொடவில்லை, அதனால் எழவும் இல்லை. பேட்டரியில் ஒன்றும் இல்லை, அக்கா. வெயிலில் நின்றவரைக்கும் பேசியது பலகைகள்தான், பேட்டரி இல்லை. உனக்கு ஏப்ரலிலேயே தெரிந்திருக்கிறது.

7.4-லேயே விட்டிருந்தால் தூங்கித் தூங்கி, புதுப் பேட்டரியோடு ஜூனுக்கு வந்து சேர்ந்திருக்குமா? குளிரில் முதல் மாதமே செத்திருக்குமா? இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு விடையும் வருகிறது. இனி யாராலும் தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு செய்தி. விசாரணைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். திறந்தது, மாற்றியது, கோடு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “சரி, நல்லவேளை என்கிட்ட சொன்னீங்க. அறிக்கை போயாச்சு. இதை இத்தோட விட்டுடுங்க” என்றார். அவரே ஒரு வழியும் சொன்னார். உன்னை ஆலோசகராகத் திரும்பக் கூப்பிடுவது. இளையதின் பவர் போர்டை நீ வந்து மூடி, உன் கையால் கோடு போட வேண்டும். “அவங்க கோடு இருந்தா வாங்குறவங்களுக்கு ஒரு நம்பிக்கை” என்றார்.

உன் மேஜை அப்படியேதான் இருக்கிறது. யாரையும் உட்காரவிடவில்லை. ஆகஸ்டில் இறுதி ஆய்வு. வா, அக்கா. நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். பாரம் இறங்கினதுபோல் இருக்கிறது.

தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

பாரம் இறங்கினதுபோல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மார்ச்சில் நான் எழுதியதை எடுத்துப் பார். சுமையை இறக்கின உடனே வருகிற தெளிவு என்ன ஏற்றம் என்று அதில் இருக்கிறது.

என்மேல் பழி போட்டபோது சுவரில் படம் போட்டு, நாற்காலி நிரம்ப ஆள் வைத்துப் போட்டார்கள். நீ ஒப்புக்கொண்டது கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவர் காதில். ஊரறிய அடித்துவிட்டு மூலையில் வைத்துத் தடவிக்கொடுக்கிற வேலை எனக்கு வேண்டாம். விசாரணைத் தலைவருக்கு என் கோடு வேண்டும், நான் வேண்டாம். ‘கைவேலைக் குறை’ என்று அவர் எழுதிய அதே கையின்மேல்தான் இப்போது நம்பிக்கை இருக்கிறதாம்.

நான் எழ வேண்டியிருக்கும் என்று ஏப்ரலில் எழுதினாயே. எழுந்துதான் நிற்கிறேன். கீல்காரர் கேட்டது உண்மை. நான் மறுத்தது உண்மை. பட்டப்பகலில், என் மேஜையில், எல்லோர் காதிலும் விழும்படி மறுத்தேன். யார் கேட்டாலும் நான்தான் மறுத்தேன் என்று சொல்வேன். இன்னொருவர் குரலில் மறுக்கவில்லை. உனக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அது ஒன்றுதான்; அது போதும்.

விடை இரண்டும் வருகிறது என்கிறாய். எனக்கு ஒன்றுதான் வருகிறது. அது தூங்கியிருக்கும், எழுந்திருக்கும். இதில் நான் மாறப்போவதில்லை. நீயும் என்னை மாற்ற முயலாதே.

நம் அம்மா போனபோது உனக்கு நான் இருந்தேன், எனக்கு நீ இருந்தாய். அதை நான் மறக்கவில்லை. அதை நினைத்துத்தான் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன் என்று நீ எண்ணிக்கொண்டிருந்தால், அது தப்பு. நான் அனுப்பினால் அது என் வேலையாகிவிடும். அது உன் வேலை.

இனி செய்ய வேண்டியதையும் செய்ய வேண்டியவர்களையும் எழுதுகிறேன். இதற்குமேல் என்னிடமிருந்து கடிதம் வராது.

கீல்காரர் இளையதின் நூலை எரிக்கிற கம்பிக்குத் தான் கேட்ட கரண்ட்டை எடுத்துக்கொள்ளட்டும். போர்டில் அதற்கு மாற்ற வேண்டிய இடம் இடது மூலையில், மூன்றாவது. அக்கா கொடுக்கச் சொன்னாள் என்று என் பெயரைச் சொல்லியே கொடு. முன்பு மறுத்ததும் அக்காதான் என்பதையும் சேர்த்துச் சொல். அவர் நூலைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

ஹெட்போன் பெண் மூத்ததின் பாதையில் தினமும் ஒரு தடவையாவது காது வைக்க வேண்டும். எழாது. ஆனாலும் வைக்க வேண்டும். கட்டியவர்கள் கைவிட்ட பிறகு விழுந்தது என்று இருக்கக் கூடாது.

விசாரணைத் தலைவர் ‘கைவேலைக் குறை’ என்ற வார்த்தையை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். புது அறிக்கை வேண்டாம். அடித்தது தெரிய வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் இளையது அணைந்தால் எழ ஒரு நாள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. ஒத்துக்கொள்ளாவிட்டால் கொண்டுபோகட்டும். வேறு பட்டறையில் கட்டினாலும் வெயில் ஒன்றுதான், நிழல் ஒன்றுதான்.

உன் அத்தான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. இரண்டு கண்ணும் தெளிந்துவிட்டது. உனக்குத் தனியாக எழுதுவேன் என்கிறார். அது உங்கள் இருவர் பாடு.

என் மேஜையைக் காலியாக வைத்துக் கும்பிட வேண்டாம். ரேடியோ மேஜையில் ஒரு பெண் கையுறை போட்டுக்கொண்டு மிகவும் மெதுவாக வேலை செய்வாள். எல்லோரும் அவளை ஆமை என்பீர்கள். அங்கே அவளை உட்கார வை. யாராவது அவசரப்படுத்தினால் திருப்பிப் பேசச் சொல். அதை மட்டும் அவள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நான் வரமாட்டேன். ஆகஸ்டிலும் இல்லை, பிறகும் இல்லை.

நீ செய்ய வேண்டியது இரண்டு. ஆகஸ்ட் ஆய்வில், கதவு திறந்திருக்கும்போது, எல்லா மேஜைக்காரர்களும் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று சொல். டம்ளரைப் பார்க்காதே.

அதன் பிறகும் இளையது உன் கையில் இருந்தால், அதன் பவர் போர்டை என் மேஜையில் உட்கார்ந்து கட்டி முடிக்கப்போகிற அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ மூடு. சிவப்பு வார்னிஷ் என்னோடு வந்துவிட்டது, அதைத் தேடாதே. நீ பச்சை வாங்கிக்கொள். ஆறு திருகுக்கும் கோடு போடு. வலதுகையால் போடு.

அக்கா